துடிப்பும் துயிலும்

சலவை யந்திரத்திலும், மின்சார மீட்டரிலும், குழந்தையின் விளையாட்டுப் பொம்மையிலும் நகத்தளவே உள்ள சில்லு ஒன்று வேலை செய்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் என்பது அதன் பெயர். வீட்டு மின்சாரத்தில் இயங்கும்வரை அதன் பசி நமக்குத் தெரிவதில்லை. ஆற்றங்கரையில் நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்றை நிறுவி, சிறு மின்கலத்தை மட்டும் அதற்குத் துணையாக வைத்துவிட்டு வந்தோமானால் அப்பசி விளங்கும். வெள்ளம் பெருகும் இரவில் மின்கலம் தீர்ந்திருந்தால், கருவி இருந்தும் பயனில்லை அன்றோ?

சில்லுக்குள் ஒரு கடிகாரம் ஓயாது துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் எண்ணற்ற நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் நிலை மாறுகின்றன. மாறுந்தோறும் சிறிது மின்னேற்றம் செலவாகிறது. இச்செலவு துடிப்பின் வேகத்திற்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் செலவு பாதியாகும். அழுத்தத்தைப் பாதியாக்கினாலோ கால் பங்காகும்.

ஏ.டி.மெகா 328பி என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். அதனுள்ளேயே 8 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றி அமைந்துள்ளது. தொழிற்சாலையினின்று வரும்பொழுது அதனை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுமாறு அமைத்திருப்பார்கள். 20 மெகாஹெர்ட்ஸில் ஓட 4.5 வோல்ட்டாவது வேண்டும். 4 மெகாஹெர்ட்ஸ் வரையில் 1.8 வோல்ட்டே போதும். வேகத்தைக் குறைப்பதன் பெரும்பயன் இதுவே: அழுத்தத்தையும் குறைக்க அது வழி திறக்கிறது.

அழுத்தம் மாறாதிருக்க, வேகத்தை மட்டும் குறைப்பதால் மின்கலம் நெடுநாள் உழைக்குமா? நூறு துடிப்புக்குரிய வேலைக்கு எவ்வேகத்திலும் நூறு துடிப்பு வேண்டும். மெல்ல ஓடினால் வேலை நீளுமேயன்றி, அதற்காகும் மொத்தச் செலவு குறையாது. அவ்வளவு நேரமும் உடனிருக்கும் உணர்கருவி விழித்திருந்தால், செலவு மிகவும் கூடும். ஆதலின், விரைந்து முடித்து உறங்கிவிடுதலே பல வேளைகளில் சிக்கனமாகும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 1 மெகாஹெர்ட்ஸ், 1.8 வோல்ட் நிலையில் இச்சில்லு விழித்திருக்கச் சுமார் 0.2 மில்லியாம்பியர் கொள்ளும். 200 மில்லியாம்பியர்-மணி கொண்ட மின்கலம் ஆயிரம் மணி நேரம், அதாவது நாற்பத்தொரு நாள் தாங்கும். நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டு உறங்கும்போதோ, 0.75 மைக்ரோஆம்பியரே செல்லும். நூறு வினாடிக்கு ஒரு வினாடி மட்டும் விழித்தால், சராசரி சுமார் 2.74 மைக்ரோஆம்பியர்தான். மின்கலம் தானாக இழப்பதை ஒதுக்கிவிட்டால், கணக்களவில் எட்டாண்டுகளுக்கு மேல் வரும்!

உள் அலையியற்றிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. துயிலெழுந்ததும் ஆறு துடிப்புகளில் அது ஆயத்தமாகும். வெளியே இணைக்கும் படிக அலையியற்றி நிலைபெறப் பதினாறாயிரம் துடிப்புகள்கூட ஆகலாம். ஆனால் துல்லியத்தில் படிகமே மேல். உள் அலையியற்றி, தொழிற்சாலைத் திருத்தத்தோடு மட்டும் நின்றால், நூற்றுக்குப் பத்து வரை பிறழக்கூடும். பிற கருவிகளோடு தொடர்வரிசையில் செய்தி பரிமாற வேண்டுமாயின், அதனைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

ஆகவே, கருவி சமைப்போர் வேலையின் அளவையும், அதற்குரிய காலத்தையும் முதலில் கணித்துக்கொள்ள வேண்டும். வேகம், அழுத்தம், துயில் ஆகிய மூன்றையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்தவர் அமைத்த கருவியே, ஆளில்லாத கரையிலும் தன் காவலை விடாது காக்கும்.