பிரீமியமும் வரிக் கழிவும்: நாங்கள் கற்ற பாடம்
(மூத்தோர் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு தம்பதியர் ஆற்றிய உரை)



மருத்துவக் காப்பீட்டைப் பற்றியும் வருமான வரியைப் பற்றியும் பேசும்படி எங்களைக் கேட்டார்கள். நாங்கள் வரி நிபுணர்கள் அல்ல. எழுபதைத் தாண்டிய இரண்டு பேர். ஒரு ஓய்வூதியமும் கொஞ்சம் டெபாசிட் வட்டியுமே எங்கள் வருமானம். எங்களுக்கு நேர்ந்த இரண்டு காரியங்களை மட்டும் சொல்லுகிறோம்.

முதலாவது எங்கள் அறியாமை. 2019ஆம் ஆண்டில் பிரீமியம் 38,000 ரூபாய். வீட்டுக்கு வந்த ஏஜெண்டின் கையில் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தோம். ரசீதும் ஒழுங்காக வந்தது. வரிக் கணக்கு எழுதும்போது ஆடிட்டர் ரசீதைப் பார்த்துவிட்டு, "ரொக்கமாகக் கட்டியதற்குக் கழிவு கிடையாதே" என்றார். எங்களுக்கு 20 சதவீத வரி. அதன்மேல் 4 சதவீத செஸ். ஆக 7,904 ரூபாய் போயிற்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாங்கள் அளந்துதான் கொடுத்தோம், கொடுத்த விதம்தான் தவறு.

ஆகவே இதை மனதில் வையுங்கள். 80டி என்று நாம் பழகிய பிரிவின்படி, 60 வயதானவர்கள் தங்களுக்கும் துணைக்கும் கட்டும் பிரீமியத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். 2018ஆம் ஆண்டு பட்ஜெட்டில் இந்த வரம்பு உயர்ந்தது. செக், வங்கி மாற்றம், யுபிஐ ஆகிய எதில் கட்டினாலும் சரி, ரொக்கம் மட்டும் கூடாது. உடல் பரிசோதனைச் செலவு 5,000 ரூபாய் வரை இதே வரம்புக்குள் அடங்கும். அதை மாத்திரம் ரொக்கமாகக் கொடுக்கலாம். காப்பீடே இல்லாத மூத்தவர்கள், ரொக்கமில்லாமல் செலுத்திய மருத்துவச் செலவை இதே 50,000 வரம்புக்குள் காட்டலாம். பெற்றோருக்காகப் பிள்ளைகள் கட்டினால், கழிவு கட்டிய பிள்ளைக்கே உரியது. பெற்றோர் மூத்த குடிமக்களானால் அதற்கும் 50,000 வரை தனி வரம்பு உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், பிரிவு எண்ணைப் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது காரியம். இதைச் சொல்லத்தான் வந்தோம்.

இந்தக் கழிவு பழைய வரி முறையில் மாத்திரமே உண்டு. 2023-24 முதல், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் நமக்குப் பொருந்தும். அதில் இந்தக் கழிவு இல்லை. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு ஆடிட்டர் எங்களுக்கு இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓய்வூதியம் 7,20,000, வட்டி 1,80,000, மொத்தம் ஒன்பது லட்சம். பழைய முறையில் நிலைக் கழிவு 50,000, வட்டிக் கழிவு 50,000, பிரீமியம் 46,000 எல்லாம் போக வரி 63,232 ரூபாய். புதிய முறையில் நிலைக் கழிவு 75,000 போக மீதி பன்னிரண்டு லட்சத்துக்குள் நிற்பதால் தள்ளுபடி கிடைத்து, வரி ஒன்றுமில்லை.

சந்தோஷத்தோடு வீடு திரும்பினோம். அந்த ஏப்ரலில் புதுப்பிக்கும்படி அறிவிப்பு வந்தபோது எங்களுக்குள் ஒரு யோசனை எழும்பிற்று. "கழிவுதான் இல்லையே, 46,000 ரூபாய் எதற்கு? டெபாசிட்டில் போட்டுவைக்கலாமே." அறிவிப்பை மேஜை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டோம். கடைசித் தேதியும் கடந்தது.

ஒரு நாள் எங்கள் மகள் வந்து இழுப்பறையைத் திறந்தாள். "அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. இப்ப விட்டா, பின்னால புதுசா எடுக்கிற பாலிசியில சர்க்கரைக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வைப்பாங்க, அப்பா. வரிக்காகவா பாலிசி எடுத்தீங்க?" என்றாள். எங்களிடம் பதில் இல்லை. ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அந்த நாட்களில் கட்டினால் தொடர்ச்சி அறுந்துபோகாது. ஆனால் கட்டாத நாட்களில் நோய் வந்தால் காப்பு இல்லை. நாங்கள் 26ஆவது நாளில் கட்டினோம்.

ஆகஸ்டு மாதத்தில் எங்களில் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன், எட்டு நாள் படுக்கை, மொத்தம் 2,80,000 ரூபாய். அதில் 2,41,000 ரூபாயைக் காப்பீடு கொடுத்தது. பாலிசியை விட்டிருந்தால் எங்கள் டெபாசிட்டில் பெரும்பகுதி அந்த எட்டு நாளில் கரைந்திருக்கும். வாக்கரைப் பிடித்து இன்று இந்த மேடைக்கு வந்தவர் அவரே.

பிரியமானவர்களே, ஒவ்வோர் ஆண்டும் இரண்டு முறையிலும் கணக்குப் பாருங்கள். வீட்டுக் கடன், சேமிப்பு, பெரிய பிரீமியம் என்று கழிவுகள் அதிகமுள்ள சிலருக்குப் பழைய முறையே லாபமாயிருக்கும். தொழில் வருமானம் இல்லாதவர்கள் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். பழைய முறை வேண்டுமானால் கணக்கைக் கெடுவுக்குள் கொடுத்துவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் நீங்கிற்று. வரியைக் கணக்கிடுவது ஒரு வேலை. பாலிசியை வைத்துக்கொள்வது வேறு வேலை. ஒன்றை வைத்து மற்றதைத் தீர்மானிக்காதிருங்கள்.

நன்கொடைக்குக் கிடைத்த 80ஜி கழிவும் புதிய முறையில் இல்லை. அதற்காக இந்த மருத்துவமனைக்கு அனுப்புவதை உங்களில் எத்தனை பேர் நிறுத்தினீர்கள்? ஒருவரும் நிறுத்தவில்லை என்று அறிவோம். அந்நியருடைய படுக்கைக்காகக் கழிவு பாராமல் கொடுக்கிற நீங்கள், உங்கள் சொந்தப் படுக்கைக்காகவும் அப்படியே செய்யுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் இழுப்பறையைத் திறந்து பாருங்கள்.