பாலூட்டும் தாய்க்கும் ஒரு செவிலி

(மகளிர் அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் செவிலி என்னும் சொல்லுக்கு நெடிய வரலாறு உண்டு. அகப்பொருள் இலக்கியத்தில் ஈன்றவள் நற்றாய். அருகிருந்து வளர்ப்பவள் செவிலித்தாய். பாலூட்டுபவள், நீராட்டுபவள், தாலாட்டுபவள் என்றெல்லாம் பிரித்து ஐவகைத் தாயர் என எண்ணிச் சொல்வதும் மரபாக இருந்தது. ஒரு குழந்தையை வளர்த்தெடுக்க ஒருத்தி மட்டும் போதாள் என்ற உண்மையை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். இன்று மருத்துவமனையில் பணிபுரிபவரைச் செவிலியர் என்று அழைக்கும்போது அந்தப் பழஞ்சொல் புதுவாழ்வு பெறுகிறது. சொல் வாழ்கிறது, அச்சொல் குறித்த துணை இன்றைய இளந்தாய்க்குக் கிடைக்கிறதா என்பதே இவ்வுரையின் பொருள்.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்கப்பட வேண்டும். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே தரப்பட வேண்டும். அதன்பின் இணை உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடர வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் இதையே வலியுறுத்துகின்றன. ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் ஏழு நாள்கள் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுகின்றன. 1990 ஆகஸ்டு முதல் நாளன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பல நாடுகள் ஒருங்கே வெளியிட்ட பிரகடனத்தின் நினைவாகவே அந்த வாரம் அமைந்தது.

தாய்ப்பாலின் சிறப்பை அறியாதவர் இன்று எவரும் இல்லை. சுவரெழுத்தும் வானொலியும் தொலைக்காட்சியும் அதை ஓயாது சொல்லிவருகின்றன. ஆயினும் 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சிந்திக்கத்தக்க ஒரு செய்தியைத் தருகிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. இது பெருமைக்குரிய நிலை. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர்தாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர். இந்திய அளவில் இவ்விழுக்காடு ஏறத்தாழ 64. மருத்துவ வசதியில் முன்னிற்கும் மாநிலம் இதில் நாட்டின் சராசரிக்கும் பின்னே நிற்கிறது.

இதற்குத் தாய்மாரின் மனக்குறையோ அறியாமையோ காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது நீதியாகாது. பாலூட்ட விரும்பாத தாய் அரிதினும் அரிது. விரும்பியும் இயலாமற் போகும் தருணங்கள் நான்கு உள்ளன. அந்நான்கிலும் அவளருகில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே மற்றவை அமைகின்றன.

முதல் தருணம், பிறந்த முதல் மணி நேரம். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் அறுவை சிகிச்சை வழியே நிகழ்கின்றன. முதுகுத் தண்டில் மருந்து செலுத்திச் செய்யப்படும் அறுவையில் தாய் விழிப்போடுதான் இருக்கிறாள். குழந்தையை அவள் மார்பில் கிடத்தி, சரியாகப் பற்றச் செய்ய ஒருவர் துணைநின்றால் முதல் மணி நேரத்திலேயே பாலூட்டல் தொடங்கிவிடும். துணையில்லாத இடத்தில் குழந்தை வேறு அறைக்குச் செல்கிறது. காத்திருக்கும் நேரத்தில் யாரோ ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ மாவுப்பாலோ புகட்டிவிடுகிறார். பிறந்த பிள்ளையின் நாவில் சேனை வைக்கும் வழக்கமும் இங்கே குறுக்கிடுகிறது. தேனை விலக்கிய இல்லங்களிலும் சர்க்கரை நீர் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு. பிள்ளையின் முதல் இனிப்பு தாயிடமே இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் சில துளிகளாகச் சுரக்கும் சீம்பால் நோயெதிர்க்கும் பொருள்கள் செறிந்தது. அளவு சிறிதென்று கவலற்க; முதல் நாளில் குழந்தையின் இரைப்பையும் மிகச் சிறிதே.

இத்தருணத்தைக் காக்கவே 1991இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் குழந்தை நேய மருத்துவமனைத் திட்டத்தைத் தொடங்கின. பணியாளர்க்குப் பயிற்சி அளித்தல், தாயையும் சேயையும் ஒரே அறையில் வைத்தல், மருத்துவக் காரணமின்றி வேறு உணவு தராதிருத்தல் முதலிய பத்து நெறிகளை அது அடிப்படையாகக் கொண்டது. இந்திய அரசும் 2016 ஆகஸ்டில் 'மா' என்னும் தாய்ப்பால் இயக்கத்தைத் தொடங்கி, செவிலியர் பயிற்சிக்கு அதில் இடமளித்தது. பிரசவத்துக்காக ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தார் கட்டணத்தையும் அறை வசதியையும் கேட்டறிகின்றனர். "அறுவை சிகிச்சையாயினும் முதல் மணி நேரத்தில் பாலூட்ட உதவுவீர்களா?" என்ற வினாவையும் அவற்றோடு சேர்த்துக் கேட்பது நலம். கேட்பவர் பெருகினால் மருத்துவமனையின் வழக்கமும் மாறும்.

இரண்டாம் தருணம், மூன்றாம் நாளை ஒட்டியது. பால் பெருகத் தொடங்கும் அந்நாளில் மார்பு கட்டிக்கொள்ளும்; காம்பு புண்ணாகும்; குழந்தை அடிக்கடி அழும். இயல்பான பிரசவமாயின் தாய் வீடு திரும்புவதும் ஏறக்குறைய அப்போதே. மருத்துவமனைச் செவிலியர் இல்லை. வீட்டிலோ காண வருவோர் கூட்டம். "பால் போதவில்லை போலும்" என்று ஒருவர் பரிவோடு சொல்லும் சொல்லே தாயின் நம்பிக்கையைக் குலைத்துவிடுகிறது.

பால் சுரக்கும் முறையை அறிந்தவர் அவ்வாறு சொல்லார். கிணற்று நீர் இறைக்க இறைக்க ஊறுவதுபோல, குழந்தை உறிஞ்ச உறிஞ்சவே பால் சுரக்கும். பகலிலும் இரவிலுமாக எட்டு முதல் பன்னிரண்டு முறை ஊட்டுவது இயல்பு. புட்டிப்பால் ஒரு வேளை புகுந்தால் குழந்தை உறிஞ்சுவது ஒரு வேளை குறையும். சுரப்பும் அதற்கேற்பக் குறையும். போதவில்லை என்ற ஐயமே மெல்ல மெல்ல உண்மையாகிவிடும். பால் போதுமா என்பதை அழுகையால் அளக்கலாகாது. முதல் வாரத்துக்குப்பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிப்பதும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டிப் பின் சீராகக் கூடுவதும் போதும் என்பதன் சான்றுகள். இவை இல்லையெனில் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். கோடையிலும் தனியே தண்ணீர் தர வேண்டுவதில்லை. தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீரே.

இந்த இடைவெளியை நிரப்பவே வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் இருக்கிறார். தேசியத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையைப் பிறப்புக்குப்பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீடு சென்று காண வேண்டும். சிற்றூர்களில் கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தாயின் நலம் கேட்டு வருகின்றனர். அவர்களை வாசலில் நிறுத்திப் பதிவேட்டில் கையெழுத்திட்டு அனுப்பிவிடாமல், உள்ளே அழைத்துக் குழந்தை பால் பற்றும் முறையைக் காட்டிக் கருத்துக் கேட்கும் இல்லத்தில் பாதிச் சிக்கல் அன்றே தீரும். தனியார் மருத்துவமனையில் பிரசவம் நடந்தாலும் இவ்வுதவியைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

மூன்றாம் தருணம், ஐயம் கொண்ட தாயின் முன் மாவுப்பால் டப்பா வந்து நிற்கும் தருணம். இதற்கு நெடிய வரலாறு உண்டு. 1939இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 'பாலும் கொலையும்' என்னும் பொருள்படும் தலைப்பிட்டு ஓர் உரை நிகழ்த்தினார். தாய்ப்பாலுக்கு மாற்றென விளம்பரம் செய்யப்பட்ட இனிப்புச் சேர்த்த டப்பாப்பாலால் பச்சிளங்குழந்தைகள் மாள்வதை நேரில் கண்ட மருத்துவரின் அறச்சீற்றம் அது. நாற்பதாண்டு கழித்தே உலகம் அதற்குச் செவிசாய்த்தது. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பதற்குரிய நெறிமுறையை ஏற்றது. இந்தியா 1992இல் அதைச் சட்டமாக்கி 2003இல் மேலும் வலுப்படுத்தியது. இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் கூடாது. தாய்க்கு இலவச மாதிரி தரலாகாது. டப்பாவின்மேல் குழந்தைப் படமோ தாயின் படமோ இடம்பெறலாகாது. மருத்துவப் பணியாளர்க்குப் பரிசு அளிக்கலாகாது. மீறினால் சிறைத்தண்டனையும் உண்டு.

சட்டம் இருந்தும் அறிந்தவர் சிலரே. மருந்துக்கடையும் பல்பொருள் அங்காடியும் நடத்துவோர் இதை அறிந்திருத்தல் கடமை. சலுகை விலையோடு குழந்தை மாவுப்பாலை முன்வரிசையில் அடுக்குவது வணிகத் திறமையன்று, சட்டமீறல். மருத்துவக் காரணத்தால் மாவுப்பால் தேவைப்படும் குழந்தைகள் உண்டு. அவர்க்கு அது மருத்துவர் சொற்படி, தூய்மையோடு, சரியான அளவில் தரப்பட வேண்டும். பால் கொடுக்க இயலாத தாயை ஒரு சொல்லாலும் புண்படுத்தலாகாது. அவள் நிலையை அறியாது பேசுவது நாவினாற் செய்யும் வன்முறை.

நான்காம் தருணம், தாய் வீட்டுக்கு வெளியே அடியெடுத்து வைக்கும் நாள். 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு அளித்தது. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்க்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு அளிக்கிறது. ஆனால் ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நிற்பவளுக்கும், அறுவடைக்குச் செல்பவளுக்கும், வீட்டு வேலை செய்பவளுக்கும் இந்த நிழல் எட்டுவதில்லை. சட்டம் எட்டாத இடத்தில் முதலாளியின் மனம் எட்ட வேண்டும். சிறு கடையானாலும் திரை மறைத்த ஒரு மூலையும் நாற்காலியும் இருமுறை அரைமணி நேர ஓய்வும் தர இயலும். பீய்ச்சி எடுத்த பாலைத் தூய பாத்திரத்தில் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் வரை வைத்து ஊட்டலாம் என்பதையும் வேலைக்குச் செல்லும் தாய் அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 ஆகஸ்டு முதல் பாலூட்டும் அறைகள் அமைக்கப்பட்டன. பயணத்தில் பசித்தழும் குழந்தையோடு முந்தானைக்குள் கூனிக் குறுகிய தாய்க்கு அது பெரும் ஆறுதல். அறை கட்டியதோடு கடமை முடிவதில்லை; திறந்திருக்கிறதா, மின்விசிறி சுழல்கிறதா, கூட்டிப் பெருக்கப்படுகிறதா என்று பார்ப்போர் வேண்டும். திருவிழாப் பந்தலிலும் திருமண மண்டபத்திலும் காலணிக்கும் வண்டிக்கும் இடம் ஒதுக்கும் அமைப்பாளர்கள் பாலூட்டும் தாய்க்கும் ஓர் அறை ஒதுக்கினால், கைக்குழந்தையோடு வரும் பெண் விழா முடியும்வரை அமர்ந்திருப்பாள்.

தாய் தன் பிள்ளைக்கு ஊட்டியபின் எஞ்சுவதைப் பிறர் பிள்ளைக்கு ஈவதும் உண்டு. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டசின் முயற்சியால் தோன்றியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இவ்வங்கிகள் இயங்குகின்றன. கொடையளிக்கும் தாயின் குருதி சோதிக்கப்படுகிறது, பால் 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கித் தூய்மை செய்யப்படுகிறது. குறைமாதக் குழந்தைகட்கு அது உயிர்மருந்தாகிறது. எவ்வுயிரும் துன்புறாமல் விளையும் இத்தகைய தானம் வேறொன்று காண்பது அரிது.

இவையெல்லாம் கைகூடுமா என்று ஐயுறுவோர்க்குப் பிரேசில் நாடு விடை தருகிறது. 1970களின் நடுவில் அங்கே குழந்தைகள் தாய்ப்பால் பெற்ற காலம் சராசரியாக இரண்டரை மாதமே. 1981இல் தேசியத் திட்டம் தொடங்கிற்று. விளம்பரக் கட்டுப்பாடு, மகப்பேற்று விடுப்பு, இருநூற்றுக்கும் மேற்பட்ட தாய்ப்பால் வங்கிகள் எனப் படிப்படியாக வளர்ந்தது. ஒரு தலைமுறைக்குள் அக்காலம் பதினொரு மாதத்தைக் கடந்தது. அங்குத் தாய்மாரின் இயல்பு மாறிவிடவில்லை. அவர்களைச் சூழ்ந்திருந்தோரின் நடத்தை மாறியது.

ஆகவே பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செல்லும் உறவினர்க்கு ஒரு வேண்டுகோள். "பால் போதுமா?" என்ற வினாவை வாசலிலேயே விட்டுச் செல்க. "சாப்பிட்டாயா? சற்றே உறங்கினாயா?" என்று தாயைக் கேட்க. கையில் கொண்டுசெல்லும் பரிசோடு, அன்றைய சமையலையோ துணி துவைப்பதையோ ஏற்றுக்கொள்க. கணவன் இரவில் எழுந்து குழந்தையைத் தூக்கித் தாயிடம் தருக. பால் குடித்தபின் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுக்க. பாலூட்டல் ஒன்றே தாயால் மட்டும் இயல்வது. மற்றவை அனைத்தும் பிறரால் இயல்பவை. அவற்றைப் பிறர் ஏற்கும் இல்லத்தில் செவிலித்தாய் இன்றும் வாழ்கிறாள்.