ஒன்றரை ஷிப்ட் கணக்கு



வாங்குகிற கூலி குறைவு என்று தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன செய்வது? இதைப் பேசத்தான் இந்தத் திருப்பூர் வாசகர் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். முதலில், எவ்வளவு குறைவு என்று தெரியுமா? கணக்குப் போடுவோம், நீங்களும் விரல் விட்டு எண்ணுங்கள்.

எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்ட். மேலே நாலு மணி நேரம் நின்றால் அரை ஷிப்ட். ஆறு நாளும் இப்படி நின்றால் 72 மணி நேரம். சனிக்கிழமை கவரில் வருவது ஒன்பது ஷிப்ட் கூலி. சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வாங்குகிற வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்றது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த இரட்டிப்பு இருக்கிறது. அப்படியானால் மேலே நின்ற 24 மணி நேரத்துக்கு ஆறு ஷிப்ட் கூலி. ஆறும் ஆறும் பன்னிரண்டு. கவரில் ஒன்பது. வாராவாரம் மூன்று ஷிப்ட் கூலி எங்கே போகிறது? பிள்ளையின் ஸ்கூல் பீஸ் அதில்தான் இருக்கிறது, அம்மா!

இதைத் தெரிந்துகொண்ட கோபத்தில் வேலையை உதறிவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல டெய்லருக்கு இந்த ஊரில் வேலை கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் இதே ஒன்றரை ஷிப்ட்தான். உங்களோடு சேர்ந்து உங்கள் நஷ்டமும் இடம் மாறும், அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கவரில் வந்த தொகை, இவற்றை அன்றன்றே எழுதுங்கள். சம்பளச் சீட்டு கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால், பிடித்த பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று செல்போனில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். முறையீட்டுக்குக் கெடு உண்டு. "பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் பழைய பாக்கி கைவிட்டுப் போகும்.

அடுத்து, பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் அவருடைய கூலியைக் கேளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிற பிள்ளைகளிடமும் கேளுங்கள். "உன் சம்பளத்தை யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால், அந்த ரகசியத்தால் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள்.

டெல்லி போலீஸில் ரண்தீர் சிங் என்று ஒரு டிரைவர் கான்ஸ்டபிள் இருந்தார். மெட்ரிக் முடிக்காத டிரைவருக்கு அங்கே சம்பள விகிதம் 210 ரூபாயில் தொடங்கியது. ரயில்வே பாதுகாப்புப் படை டிரைவருக்கோ 260-இல் தொடங்கியது. மற்ற டிரைவர் என்ன வாங்குகிறார் என்பதை இவர் தெரிந்து வைத்திருந்தார். அந்த எண்களோடு உச்ச நீதிமன்றம் போனார். துறை வேறு, அதனால் சம்பளம் வேறு என்று அரசு வாதாடியது. வேலை ஒன்றுதான், பார்க்கப்போனால் போலீஸ் டிரைவருக்குத்தான் பொறுப்பு கூடுதல் என்று 1982-இல் தீர்ப்பு வந்தது. 1973 ஜனவரி 1 முதல் கணக்கிட்டுச் சம்பளத்தைச் சமமாக்கச் சொன்னார்கள்.

அவர் அரசு ஊழியர், நம்மை நாளைக்கே கேட்டில் நிறுத்திவிடுவார்களே என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம். அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். 1984-இல் பஞ்சப்படி கேட்டு இதே திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அடுப்பு எரியாத வீடுகளுக்குத் தெரியும், அது எவ்வளவு நீண்ட காலம் என்று. ஒரு ஆள் அந்த 127 நாளைத் தாங்கியிருக்க முடியுமா? லைனில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை முதலில் கம்பெனியில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் சங்கத்தோடு தொழிற்சாலை ஆய்வாளரிடம் போகலாம்.

வருகிற சனிக்கிழமை கவரை வாங்கியதும் அன்றிரவே நோட்டில் எழுதத் தொடங்குங்கள். நாலு வாரம் எழுதிய நோட்டை ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டுவாருங்கள். மனு எழுதிக்கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.