மணல்மேட்டின் உடன்பிறப்புகள்



புற்றுமண்ணைத் திருவருளாக ஏற்று நெற்றியில் இடும் ஊர் சங்கரன்கோவில். மண்ணைப் போற்றும் இவ்வூர் அவையில் கடற்கரை மணலைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

நற்றிணையின் 172ஆம் பாடலைத் தாங்கள் அறிவீர்கள். தோழியரோடு மணலில் புதைத்து விளையாடி மறந்த புன்னை விதை முளைக்கிறது. நெய் கலந்த பால் வார்த்து அதனை வளர்க்கின்றனர். அம்மரம் உன் தங்கை என்கிறாள் தாய். தலைவியின் நாணத்தை வியந்த உரைகள் பல. மணலில் மரம் வளர்த்தவர் மகளிர் என்னும் செய்தியும் அப்பாடலில் உண்டு.

மணல்மேடு தானே நிற்பதன்று. அடும்பு தரையோடு படர்ந்து, கணுதோறும் வேர்விட்டு, காற்றில் பறக்கும் மணலைத் தடுத்து நிறுத்துகிறது. இராவணன்மீசைப் புல் அதனை இறுக்குகிறது. அவற்றின் பின்னே தாழையும் புன்னையும் எழுகின்றன. இவ்வரிசையே கரைக்கு அரண்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் பெருமளவில் சவுக்கு நடப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும் சில இடங்களில் அதற்காக மணல்மேடுகளே சமன்செய்யப்பட்டன. ஆமைகள் முட்டையிடும் மணற்பரப்பும் சுருங்கியது என்று ஆய்வாளர் சுட்டினர். நடவு வேலைக்குப் பெண்களை அழைப்பவர்கள், எதனை எங்கே நடுவது என்று அவர்களிடம் கேட்பது அரிது. கூலிப் பட்டியலில் பெயர் இருப்பது பங்கேற்பு ஆகாது.

பங்கேற்பு எதுவென்று காட்டுவோர் மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் மகளிர். மாதத்தில் எத்தனை நாள் கடலில் இறங்குவது என்பதை அவர்களே வரையறுத்துக்கொண்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி விருது பெற்றார். பாசிக்குப் பொருந்திய இம்முறை மணலுக்கும் பொருந்தும். 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளை மிகுந்த காப்புக்குரிய பகுதிகளுள் சேர்த்துள்ளது. அக்காப்பு ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க, நாள்தோறும் அம்மணலில் கருவாடு உலர்த்தும் பெண்ணைக் கேட்டுத் திட்டம் தொடங்க வேண்டும்.

கவிஞர்களே, நெய்தலை இரங்கலுக்குரிய நிலமாக மட்டும் பாடாதீர்கள். அடும்பின் வேரையும் பாடுங்கள். ஒரு மரத்தைத் தங்கை என்று அழைத்த மொழி நம்முடையது. அம்மரத்தை வளர்த்தவளின் சொல்லும் அவையேறட்டும்.