தக்காளி இலை மஞ்சளானால்
(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலக்கோடு தக்காளி மண்டி உள்ள மாவட்டம் நம்முடையது. இருந்தும், மாடித் தொட்டியில் இலை மஞ்சளானால் உரம் வாங்க ஓடுகிறோம். முதலில் எந்த இலை மஞ்சளானது என்று பாருங்கள்.

அடி இலை முழுவதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையில் இருந்ததை எடுத்துத்தான் செடி புதுத் துளிருக்குக் கொடுக்கிறது. இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். மண் எந்நேரமும் ஈரமாக இருந்தாலும் இப்படி ஆகும். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம் குறைவு. எப்சம் உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். இதே அடையாளம் நுனித் துளிரில் வந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த போர்வெல் தண்ணீர் இதற்கு முக்கியக் காரணம். முடிந்தால் மழைநீர் ஊற்றுங்கள்.

நுனி இலை சுருண்டு, சிறுத்து, செடி குட்டையானால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ். இதற்கு மருந்தே கிடையாது. பூத்திருந்தாலும் செடியைப் பையால் மூடி, வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மனசு வராதுதான். ஆனால் மாடி எல்லோருக்கும் பொது. உங்கள் தொட்டி ஈ அடுத்த வீட்டுத் தொட்டிக்கும் போகும். மற்றச் செடிகளுக்கு நடுவே மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள். அடுத்த முறை இந்நோயைத் தாங்கும் அர்கா ரக்ஷக் ரகம் நடலாம்.

சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் இலையைக் காட்டிக் கேளுங்கள்.