உண்மைக் குற்றக் கதைகளும் ஒஸ்கார் சிலேற்றரும்

கொலை வழக்குகளைப் பற்றிய நூல்கள் மேனாடுகளில் நாவல்களோடு போட்டியிட்டு விற்பனையாகின்றன. நேயர்களுட் சிலர், இவை வெறும் பொழுதுபோக்கு என்றும், பிறர் துன்பத்திற் சுவை காணும் இழிந்த பழக்கமென்றும் கருதக்கூடும். அக்கருத்து முற்றிலும் பொய்யன்று. எனினும் இத்தகைய நூல்கள், தூக்குமேடைக்கு இரண்டு நாள் தூரத்தில் நின்ற ஒருவனை மீட்பதற்கும் துணைபுரிந்த வரலாறு உண்டு.

1908ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆந் திகதி மாலை, கிளாஸ்கோ நகரில் மரியன் கில்கிறிஸ்ற் என்னும் எண்பத்திரண்டு வயது மூதாட்டி தமது வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். பணிப்பெண் பத்திரிகை வாங்கச் சென்ற சில நிமிடங்களில் இது நிகழ்ந்தது. திரும்பி வந்த அவளும், சத்தங்கேட்டு வந்து வாயிலில் நின்ற அயல்வீட்டாரும் காண, மனிதனொருவன் உள்ளிருந்து அமைதியாக நடந்து வெளியேறினான். வீட்டில் வேறு நகைகளிருக்க, வைரப் பதக்கமொன்று மாத்திரமே காணாமற் போயிற்று.

ஒஸ்கார் சிலேற்றர் என்னும் ஜெர்மானிய யூதர் வைரப் பதக்கமொன்றை அடைவு வைத்திருந்தார் என்று பொலிசாருக்குத் தகவல் கிடைத்தது. அவரோ அப்போது வேறு பெயரில் நியூ யோர்க்குக்குக் கப்பலேறிவிட்டார். அப்பதக்கம் கொலைக்குப் பல வாரங்களுக்கு முன்னரே அடைவிலிருந்தது என்பது விரைவில் தெளிவாயிற்று. துப்பு அங்கேயே அறுந்துவிட்டது. ஆனால் பொலிசார் ஆளை விடவில்லை. சாட்சிகளுக்கு அவரது புகைப்படத்தை முன்கூட்டியே காட்டி, பின்னர் ஆளை அடையாளங் காட்டச் செய்தனர். சிலேற்றர் தாமாகவே நாடு திரும்ப உடன்பட்டார். 1909 மே மாதத்தில் எடின்பரோவில் விசாரணை நடைபெற்றது. பதினைந்து யூரிமாரில் ஒன்பது பேர் குற்றவாளி என்றனர். ஐவர் அக்காலத்து ஸ்கொத்லாந்துச் சட்டத்துக்கேயுரிய 'நிரூபிக்கப்படவில்லை' என்ற தீர்ப்பையும், ஒருவர் விடுதலையையும் விரும்பினர். தூக்குத் தண்டனை, நிறைவேறுவதற்கு இரண்டு நாள்களுக்கு முன் ஆயுட்சிறையாக மாறிற்று.

அந்நீதிமன்றில் அமர்ந்து யாவற்றையும் கேட்டவர் வில்லியம் றப்ஹெட். சட்டம் பயின்ற அவர், 1910இல் இவ்வழக்கின் சாட்சியங்களைத் தொகுத்து நூலாக்கினார். அவர் கூக்குரலிட்டு எழுதவில்லை. சாட்சி சொன்னதைச் சொன்னபடியே அச்சில் வைத்தார். ஒரு சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் இருந்த முரண்பாடு அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. என் கணிப்பில் இவ்வகை எழுத்தின் உயர்ந்த பணி இதுவே. கற்பனை உரையாடல்களைப் புகுத்தி இரத்தத்துக்கு வர்ணம் பூசும் நூல்கள் எத்தனை விற்றாலும் இதனைச் செய்யமாட்டா.

அந்நூலைப் பயன்படுத்தியே, ஷேர்லொக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயில் 1912இல் ஒரு சிறுநூலை வெளியிட்டார். அரசாங்கம் அசையவில்லை. 1914இல், பொலிசாருக்குப் பாதகமான தகவலை வெளியிட்ட துப்பறியும் அதிகாரி திரென்ச் வேலையை இழந்தார். தம் கூற்று மெய்ப்படுமுன்னரே 1919இல் மாண்டார். 1925இல் விடுதலையான ஒரு கைதி, சிலேற்றரின் வேண்டுகோள் எழுதிய காகிதத் துண்டை வாய்க்குள் மறைத்து டொயிலிடம் சேர்ப்பித்தான். 1927இல் வில்லியம் பார்க் என்னும் பத்திரிகையாளர் மற்றுமொரு நூல் எழுதினார். அவ்வாண்டு நவம்பரிற் சிலேற்றர் சிறையினின்று வெளிவந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன!

1928இல் மேன்முறையீட்டு நீதிமன்று தீர்ப்பை நீக்கியது. நீதிபதி, கைதியின் ஒழுக்கக்கேட்டைச் சுட்டி யூரிமாரைப் பிழையாக வழிநடத்தினார் என்பதே காரணம். சிலேற்றர் நிரபராதி என்று நீதிமன்று வாய்விட்டுக் கூறவில்லை. ஆறாயிரம் பவுண் நட்டஈடு கிடைத்தது. வழக்குச் செலவைத் திருப்பித் தரவில்லையென்று டொயில் அவருடன் பகைத்துக்கொண்டது வேறு கதை.

சிலேற்றர் 1948இற் காலமானார். பின்வந்த எழுத்தாளர் பலர் மூதாட்டியின் உறவினர் முதலானோரைக் கொலையாளியெனச் சுட்டி நூல்கள் எழுதினர். சுட்டப்பட்டவர்களுக்காக வாதிட எந்த நீதிமன்றிலும் இடமிருக்கவில்லை. கொலையாளி யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.