கரிசல் மானாவாரியில் நுண்ணுயிர்கள்



கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பகுதிகளில் மானாவாரி விவசாயம் செய்யும் உங்களில் பலர் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் ரைசோபியம் பொட்டலம் வாங்கி விதையில் கலந்து விதைத்திருப்பீர்கள். சிலர் நல்ல பலன் கண்டிருப்பீர்கள். வேறு சிலர், "கலந்து பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை" என்று அடுத்த ஆண்டே கைவிட்டிருப்பீர்கள். அதே பொட்டலம், அதே கரிசல். பலன் மட்டும் ஏன் வேறுபடுகிறது? இதற்கு விடை, வேளாண்மைக் கல்லூரி மாணவர்களுக்குத் தொடக்கத்தில் கற்பிக்கப்படும் நுண்ணுயிரியல் பாடத்திலேயே இருக்கிறது. கிள்ளிகுளம் கல்லூரியிலே உங்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் அந்த அடிப்படைகளை, நம் கரிசல் நிலத்தோடு சேர்த்து இங்கே பார்ப்போம்.

நுண்ணுயிர் என்றால் என்ன?

வெறும் கண்ணுக்குத் தெரியாத சிறிய உயிர்களை நுண்ணுயிர்கள் என்கிறோம். பாக்டீரியா, பூஞ்சாணம், ஆக்டினோமைசீட்ஸ், நுண்பாசி என இவற்றில் பல வகைகள் உண்டு. சாதாரணமாக ஒரு பாக்டீரியாவின் பருமன் மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். வளமான மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். 1670-களில் ஹாலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியாக இவற்றை முதன்முதலில் கண்டார்.

நீங்கள் இவற்றைப் பார்த்ததில்லையே தவிர, அன்றாடம் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பாலுக்கு ஒரு கரண்டி மோரை உறை ஊற்றினால் விடிவதற்குள் தயிராகிறது. அந்த ஒரு கரண்டி மோரில் இருந்த பாக்டீரியாக்கள் இரவு முழுதும் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகியதே காரணம். கொதிக்கும் பாலில் யாரும் உறை ஊற்றுவதில்லை. ஊற்றினால் பாக்டீரியா வெந்து செத்துவிடும். மார்கழிக் குளிரில் மாவு சீக்கிரம் புளிப்பதில்லை. அப்போது அவை பெருகுவது மட்டுப்படுகிறது. ஆக, நுண்ணுயிர் வேலை செய்ய உணவு, ஈரம், தகுந்த வெப்பம், தகுந்த காற்று ஆகிய நான்கும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வேலை நின்றுவிடும். இதுதான் முதற்பாடம்.

வறண்ட மண்ணில் யார் பிழைப்பது?

நம் கரிசலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகக் கிடைக்கிறது. கோடையில் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்தச் சூட்டிலும் வறட்சியிலும் நுண்ணுயிர்கள் என்னவாகின்றன?

சில வகைகள் தம்மைச் சுற்றித் தடித்த உறையை அமைத்துக்கொண்டு உறங்கிவிடுகின்றன. இந்த உறங்கும் நிலையை வித்து என்கிறோம். பேசில்லஸ் என்னும் பாக்டீரியாவும் ஆக்டினோமைசீட்ஸ் வகையும் இப்படி வித்தாகிப் பிழைத்துக்கொள்ளும். முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனையை எல்லோரும் அறிவோம். ஆக்டினோமைசீட்ஸ் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளே அதில் முக்கியமானது. காசநோயைக் குணப்படுத்திய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின், அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்ற மண் அறிவியலாரின் ஆய்வகத்தில் 1943-இல் இதே இனத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது.

முதல் மழையில் இன்னொன்றும் நடக்கிறது. காய்ந்து கிடந்த மண் நனைந்தவுடன், உயிர் தப்பிய நுண்ணுயிர்கள், மடிந்தவற்றின் உடலையும் மண்ணிலுள்ள மக்குப் பொருளையும் தின்று வேகமாகப் பெருகுகின்றன. அப்போது தழைச்சத்து ஒரே சமயத்தில் மிகுதியாக வெளிப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிர்ச் என்ற அறிஞர் இதை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்டார். மழைக்கு முன்பே விதை மண்ணில் இருந்தால், இளம்பயிர் அந்தத் தழைச்சத்தை வீணாக்காமல் பிடித்துக்கொள்ளும். நம் முன்னோர் கண்ட புழுதி விதைப்பில் இப்படியும் ஓர் ஆதாயம் உண்டு. 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் பருவமழைக்கு முந்தைய விதைப்பை மானாவாரிக்கு ஏற்ற முறையாகப் பரிந்துரைத்து வந்திருக்கிறது.

ஆனால் ரைசோபியம் வித்தாக மாறும் வகையைச் சேர்ந்ததன்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் பலித்ததற்கும் பலிக்காததற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

வேர் முடிச்சுக்குள் ஒரு தொழிற்சாலை

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு தழைச்சத்துதான். ஓர் எக்டர் நிலத்துக்கு மேலுள்ள காற்றில் ஏறத்தாழ 78,000 டன் தழைச்சத்து இருக்கிறது. எனினும் பயிர் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதைப் பிடித்து அம்மோனியாவாக மாற்ற, யூரியா ஆலைகளில் 400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பமும் வாகன டயரில் உள்ளதைப்போல் பல பத்து மடங்கு அழுத்தமும் தேவைப்படுகின்றன. அதே வேலையை உளுந்தின் வேரில் மிளகளவுகூட இல்லாத முடிச்சுக்குள் ரைசோபியம் சாதாரண வெப்பத்திலேயே செய்கிறது. பயறு வகைகள் முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயன்படுத்துகின்றன என்பதை 1886-இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்பவர்கள் மெய்ப்பித்தார்கள். 1888-இல் ஹாலந்தின் பெய்ஜரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். 1896-லேயே ஜெர்மனியில் அது விற்பனைக்கு வந்துவிட்டது.

முடிச்சு உண்டாகும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இளவேர் ஒருவகைப் பொருளைக் கசியவிடுகிறது. அதை அடையாளம் கண்டு ரைசோபியம் வேர்த்தூவியை நெருங்குகிறது. தூவி சுருண்டு அதை உள்ளே ஏற்றுக்கொள்கிறது. செடி மாவுச்சத்து தருகிறது; பாக்டீரியா தழைச்சத்து தருகிறது. ஆகவே இளவேர் விடும் நாள்களில், வேரின் அருகே, உயிரோடு ரைசோபியம் இருக்க வேண்டும். செத்த பாக்டீரியாவால் முடிச்சு உண்டாகாது.

புழுதி விதைப்பில் வரும் சிக்கல்

புரட்டாசியில் காய்ந்த கரிசலில், ரைசோபியம் பூசிய விதையை விதைத்து மழைக்குக் காத்திருக்கிறோம். மழை நான்கு நாளில் வரலாம். இருபது நாள் தள்ளியும் வரலாம். விதை உறங்கிக் காத்திருக்கும். அதன்மேல் ஒட்டிய ரைசோபியமோ ஈரமின்றியும் 40 டிகிரியைத் தாண்டும் மண்சூட்டிலும் நாளுக்கு நாள் மடிந்துகொண்டே வரும். மழை பெய்து விதை முளைக்கும்போது பொட்டலத்துக்குக் கொடுத்த காசு மண்ணோடு போயிருக்கும். ஈரம் கண்டு விதைத்த பக்கத்துப் புஞ்சையில் அதே பொட்டலம் பலித்திருக்கும்.

இதற்காகப் புழுதி விதைப்பைக் கைவிட வேண்டியதில்லை. உயிர் உரத்தை இடும் வேளையை மாற்றிக்கொண்டால் போதும்.

ஈரம் கண்டு விதைப்பவர்கள் விதை நேர்த்தி செய்யலாம். ஓர் ஏக்கருக்கு வேண்டிய 8 கிலோ உளுந்து விதைக்கு 200 கிராம் ரைசோபியம் பொட்டலம் ஒன்றும் பாஸ்போபாக்டீரியா பொட்டலம் ஒன்றும் போதும். நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் இவற்றைக் கரைத்து, விதைமேல் சீராகப் படியும்படி கலக்கி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். கஞ்சி சூடாக இருந்தால் கொதிக்கும் பாலில் உறை ஊற்றிய கதைதான். வெயிலில் உலர்த்துவதும் அப்படியே.

புழுதி விதைப்புச் செய்பவர்கள், மழை பெய்து மண் பதமானதும், விதை முளைத்த சில நாள்களுக்குள், ஏக்கருக்கு ரைசோபியம் 4 பொட்டலம், பாஸ்போபாக்டீரியா 4 பொட்டலம் இரண்டையும் 10 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ மண்ணுடன் கலந்து, மாலை வேளையில் பயிர் வரிசையை ஒட்டித் தூவி மண்ணால் மூடலாம். திரவ உயிர் உரமானால் ஏக்கருக்கு ஒவ்வொன்றிலும் 200 மில்லி போதும். பேசில்லஸ் வகைப் பாஸ்போபாக்டீரியா வித்தாக மாறும் தன்மையுள்ளதால் வறட்சியை ரைசோபியத்தைவிட நன்றாகத் தாங்கும்.

பூஞ்சாணக் கொல்லி மருந்து உயிர் உரத்துக்கு ஆகாது. மருந்து கலப்பதானால் விதைப்பதற்கு ஒரு நாள் முன்பே கலந்துவிட வேண்டும். அதற்குப் பதிலாகக் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, பிறகு ரைசோபியம் கலக்கலாம், இரண்டும் ஒத்துப்போகும். கம்பெனி விதை மருந்து பூசி வந்திருந்தால் மண்ணில் இடுவதே நல்லது.

பொட்டலம் வாங்கும்போது காலாவதி நாளையும் பயிரின் பெயரையும் பாருங்கள். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு மூன்றுக்கும் ஒரே வகை ரைசோபியம் முடிச்சிடும். கொண்டைக்கடலைக்கு வேறு வகை வேண்டும். சோளம், கம்பு, மக்காச்சோளம், பருத்திக்கு ரைசோபியம் பயன்படாது; அவற்றுக்கு அசோஸ்பைரில்லம் இட வேண்டும். வாங்கிய பொட்டலத்தை ஓட்டுக் கூரையின் கீழோ வண்டிப் பெட்டியிலோ போட்டுவைக்காதீர்கள்.

நுண்ணுயிருக்கும் சோறு வேண்டும்

நம் மானாவாரிக் கரிசலில் மக்குப் பொருள் குறைவு, சுண்ணாம்பு மிகுதி. இட்ட மணிச்சத்தைச் சுண்ணாம்பு பிடித்துவைத்துக்கொள்கிறது. பாஸ்போபாக்டீரியா சுரக்கும் அமிலம் அதில் ஒரு பகுதியை விடுவிக்கும். ஆனால் அந்த அமிலத்தையும் சுண்ணாம்பு மட்டுப்படுத்திவிடும். எனவே நுண்ணுயிர் உரத்துக்குத் துணையே தவிர, மாற்று அன்று. மானாவாரிக்கு ஏக்கருக்கு 300 கிலோ தொழு உரத்துடன் பரிந்துரைத்த அளவு சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஒரு மாதம் மூடிவைத்து, ஊட்டமேற்றிய தொழு உரமாக இடுவது நல்லது. கோடையில் ஆட்டுக்கிடை போடுவதும் நுண்ணுயிருக்குச் சோறு போடுவதே ஆகும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

யார் சொன்னாலும் அப்படியே நம்ப வேண்டாம். உயிர் உரம் இடும்போது நான்கு சால் இடாமல் விட்டுவையுங்கள். முப்பதாம் நாள் இரு பக்கத்திலும் ஐந்தாறு செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசி முடிச்சுகளை எண்ணுங்கள். செடியைப் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். பிறகு ஒரு முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து வேலை நடக்கிறது. நம் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான பொருளின் உறவான ஒன்றே அந்தச் சிவப்பைத் தருகிறது. தேவையற்ற உயிர்வாயு அந்த வேலையைக் கெடுக்காமல் அது காக்கிறது. உள்ளே வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பலனில்லை. இரு பக்கமும் ஒரே அளவு சிவப்பு முடிச்சுகள் இருந்தால் உங்கள் மண்ணிலேயே போதுமான நல்ல ரைசோபியம் இருக்கிறது என்று பொருள். அந்த ஆண்டு அந்தச் செலவு மிச்சம்.

விவசாயப் பெருமக்களே! யூரியா மூட்டையை எந்த வெயிலில் வைத்தாலும் அது உப்புதான். ரைசோபியம் பொட்டலத்தில் இருப்பது உயிர். விதை நெல்லையும் கன்றுக்குட்டியையும் எப்படிப் பார்த்துக்கொள்வீர்களோ அப்படி அதையும் பார்த்துக்கொண்டு, ஈரம் அறிந்து இடுங்கள். மேலும் ஐயமிருந்தால் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகிக் கேளுங்கள். பருவத்தே மழை பெய்து, உங்கள் புஞ்சைகளில் உளுந்தும் சோளமும் பருத்தியும் நன்றாக விளையட்டும்.